கையில் முப்பதாயிரம்: மைக்கா, சுவரா?

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, கடையில் விசாரித்து எழுதிய விலைப்பட்டியலோடு வந்திருக்கின்றன. "இதில் எதை முதலில் வாங்கட்டும் சார்?" என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. சாலிகிராமத்தில் டேப் ஓடிய காலத்திலிருந்து மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கடைசியாகப் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டு, காதை உறுத்துவது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பணம் முதலில் போக வேண்டியது அதற்குத்தான். அது மைக்காக இருப்பது அபூர்வம்.

கே: விசைத்தறிக் கூடத்தில் வேலை. சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடி யூடியூபில் போடுகிறேன். மாடியில் பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி. சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. லேப்டாப், ஒரு யுஎஸ்பி மைக், காதில் செருகும் இயர்போன் இருக்கின்றன. சீட்டு எடுத்ததில் முப்பதாயிரம் கையில் இருக்கிறது. கண்டென்சர் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இண்டர்ஃபேஸ், மிக்ஸ் கேட்க ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், சுவருக்கு ஃபோம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எந்த வரிசையில் வாங்கலாம்?
— வாசகர், பல்லடம்

ப: தம்பி, நீங்கள் அனுப்பிய பாட்டைக் கேட்டேன். சுருதி விலகவில்லை, உச்சரிப்பும் தெளிவு. ஆனால் உங்களோடு அறையும் சேர்ந்து பாடுகிறது. அறை நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு 'டிர்ர்' என்று ஒரு வால் நீளும். அந்த வால்தான் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இதே அறையில் லட்ச ரூபாய் மைக்கை வைத்தாலும், அந்த வாலை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்து கொடுக்கும், அவ்வளவுதான்.

உங்கள் அறைக்கு இன்னொரு கோளாறு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும்போது சில அலைவரிசைகள் மட்டும் அங்கேயே நின்று வீங்கும். பத்தடிக்கு அது ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ், அடுத்து அதன் இரட்டிப்பு 112. மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் மூன்றின் வீக்கமும் ஒரே இடத்தில் வந்து குவிகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணுக்கு மந்திர தைவதம் 110 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும். உங்கள் இரண்டாவது சரணத்தில் கீழே இறங்கும் இடத்தில் மட்டும் குரல் திடீரென்று 'பொம்' என்று பருக்கிறதே, அதற்கு நீங்கள் காரணமில்லை, சுவர்தான் காரணம்.

ஆகவே முதல் செலவு சுவருக்கு. ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள ஃபோமுக்கு வேண்டாம். இணையத்தில் விற்கும் ஓரங்குல முக்கோண ஃபோம் மேல் அலைவரிசைகளை மட்டும்தான் தின்னும். கீழே உள்ள 'பொம்' அப்படியே இருக்கும். மேலே உள்ள பளிச்சென்ற ஓசை போய்விடுவதால் அறை முன்னைவிட மந்தமாகக் கேட்கும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதற்கு அந்தப் பலன்கூடக் கிடையாது. கரப்பான்பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்த புண்ணியம் மட்டும் சேரும்.

தச்சரிடம் சொல்லி நாலடிக்கு இரண்டடி மரச்சட்டம் நான்கு செய்யுங்கள். உள்ளே நாலங்குல கனத்துக்கு ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) வைக்க வேண்டும். ஏசி டக்ட், பாய்லர் வேலைக்கு இன்சுலேஷன் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ வரை அடர்த்தி உள்ளதாகக் கேளுங்கள். கையுறையும் முகமூடியும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், உடம்பெல்லாம் அரிக்கும். மேலே போர்த்தக் காடா துணி போதும், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் போனால் ஒலியும் போகும். ரெக்ஸின் போட்டுவிட்டால் எல்லாம் வீண்.

மாட்டும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் மாட்டுவார்கள். சாதாரண கார்டியாய்ட் மைக் முன்பக்கம்தான் கேட்கும், பின்பக்கத்தை ஒதுக்கும். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். எனவே இரண்டு பேனல் உங்கள் முதுகுப் பக்கம், மூலையை அணைத்த மாதிரி. மற்ற இரண்டும் இடது வலது பக்கச் சுவர்களில், தலை உயரத்தில். சுவரோடு ஒட்டாமல் நாலங்குலம் இடைவெளி விட்டால் இன்னும் கீழ் ஓசை வரை பிடிக்கும். 56 ஹெர்ட்ஸை இது அசைக்காது. பாடகருக்கு அது பெரிய தொல்லையும் இல்லை. தரைக்கு ஒரு கனத்த பவானி ஜமக்காளம். பழைய இலவம்பஞ்சு மெத்தை வீட்டில் இருந்தால் வெட்கப்படாமல் அதையும் மூலையில் நிறுத்துங்கள். இதெல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த எட்டாயிரம் ஹெட்போனுக்கு. காதை முழுக்க மூடும் வகை, கம்பி உள்ளது. ப்ளூடூத் கூடாது, ஒலி தாமதித்து வரும். சோனி எம்டிஆர்-7506 என்று ஒன்று 1991 முதல் வந்துகொண்டிருக்கிறது, உலகத்தில் பாதி ஸ்டுடியோவில் பார்க்கலாம். விலை உங்கள் கணக்குக்கு மேலே போனால் அதே வகையில் ஒரு படி கீழே பாருங்கள். மைக்குக்கு முன்னால் ஹெட்போன் ஏன் என்றால், எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் எதைச் சரி செய்வீர்கள்? இயர்போனில் நீங்கள் கேட்பது கடைக்காரன் கூட்டிவிட்ட பேஸ்.

மீதிப் பதினாறாயிரத்தை மூன்று மாதம் தொடாதீர்கள். பழைய யுஎஸ்பி மைக்கிலேயே, வாயிலிருந்து ஆறு அங்குலத்தில், இந்த அறையில் நான்கைந்து பாட்டுப் பாடுங்கள். தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் இறங்கும், ஆனால் அறையின் ஓசை அங்கேயே நிற்கும். நீங்கள் இப்போது ஒன்றரையடி தள்ளி நிற்கிறீர்கள் என்பது பதிவில் கேட்கிறது. ஆறு அங்குலத்துக்கு வந்ததும், இது புது மைக்கா என்று நண்பர்கள் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். அப்புறமும் போதவில்லை என்று தோன்றினால், கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை (ஃபேண்டம் பவர்) கேபிள் வழியாகவே தரும் ஆரம்ப விலை இண்டர்ஃபேஸும் அதற்கேற்ற மைக்கும் வாங்குங்கள். அந்த மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக் வாங்கினால் அறை கேட்காது என்று சொல்வது பாதிதான் உண்மை. அதற்கு உணர்திறன் குறைவு, அதனால் நீங்களே கிட்டே போய்ப் பாடுகிறீர்கள். கண்டென்சரிடமும் கிட்டே போகலாம்.

மானிட்டர் ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். அந்த 56 ஹெர்ட்ஸ் வீக்கத்தைத் தட்டி எழுப்புவது அதுதான். பெரிய அறைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்த ராத்திரியில் மிக்ஸ் (தடங்களைச் சேர்த்து ஓசை அளவைச் சரி செய்வது) பண்ணாதீர்கள். எட்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் இருந்த காது மேல் ஓசைகளைச் சரியாகக் கேட்காது. நீங்கள் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவீர்கள். அனுப்பிய பாட்டில் 'ச', 'ஸ' எல்லாம் ஊசியாகக் குத்துவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வார விடுமுறை அன்று காலையில் உட்காருங்கள். தறிக்கூடத்தில் காதடைப்பான் போடுங்கள், மருந்துக்கடையில் சொற்ப விலை. அந்தக் காதுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.

கே: கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவில் 'ஙீ' என்று இரைச்சல் வருகிறது. கரண்ட் இருக்கும்போதும் லேசாக 'ம்ம்' உண்டு. இண்டர்ஃபேஸ் மட்டம் என்கிறார்கள். உயர்ரகத்துக்கு மாறலாமா?
— வாசகர், கோவில்பட்டி

ப: மாறாதீர்கள். மாறினால் அதே 'ஙீ' உயர்ரகமாகக் கேட்கும்.

முதலில் இலவசச் சோதனை. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி சார்ஜர் வழியாக வருகிறது. நிற்கவில்லை என்றால் ஃபேன் ரெகுலேட்டரை அணையுங்கள், பிறகு எல்இடி பல்பு, பிறகு மொபைல் சார்ஜர். ஒவ்வொன்றாக, ஹெட்போனை மாட்டிக்கொண்டே. பெரும்பாலும் இந்த வரிசையில் எங்கேயாவது அகப்பட்டுவிடும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 'ம்ம்' என்று கேட்பது அதுவும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும். இரண்டு கருவிகள் வெவ்வேறு ப்ளக்கில், வெவ்வேறு எர்த் வழியாகச் சுற்றும்போது இது நுழையும். லேப்டாப், இண்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எடுங்கள். சாக்கெட்டில் மூன்றாவது துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பழைய வீடுகளில் துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். இரைச்சலை நிறுத்த மூன்று முள் ப்ளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிடு என்று உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். அந்த ஆள் ஸ்டுடியோப் பக்கமே வரக் கூடாது. உலோக மைக்கில் உதடு படும் அளவுக்குக் கிட்டே நிற்பது நீங்கள், அவர் இல்லை.

'ஙீ' வேறு கதை. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சதுர அலையாக மின்சாரம் தருகின்றன. அதிலிருந்து கிளம்பும் துணை அலைகள் குரல் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும், எந்த மென்பொருளிலும் சுத்தமாக வழிக்க முடியாது. சைன்வேவ் இன்வெர்ட்டர் வாங்கலாம்தான். ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு எளிய வழி இருக்கிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் லைனிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள். யுஎஸ்பியில் ஓடும் இண்டர்ஃபேஸ் அதிலிருந்தே உயிர் வாங்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் பாட அது போதும். பேட்டரி செத்திருந்தால் புது பேட்டரி போடுங்கள், இப்போதைக்கு உங்கள் மேம்பாடு அதுதான்.

கே: ரஹ்மானே வீட்டுக் கொல்லையில் ஸ்டுடியோ வைத்துத்தானே ஆரம்பித்தார்? நல்ல கருவி இருந்தால் வீட்டிலிருந்தே ஜெயிக்கலாம் அல்லவா? கடன் வாங்கியாவது வாங்கலாமா?
— வாசகர், வேலூர்

ப: பஞ்சதன் ஸ்டுடியோவை அவர் வீட்டோடு சேர்த்து அமைத்தது 1989இல். அதற்கு முன்பே சிறு வயதிலிருந்து பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்து, விளம்பரங்களுக்கு இசையமைத்து, எந்தக் கருவி தனக்கு எதற்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டு கட்டினார். நீங்கள் கடிதத்தில் எந்த வாத்தியம் வாசிக்கிறீர்கள் என்றே எழுதவில்லை. கடன் வேண்டாம்.

கே: மிருதங்க ஆசிரியர் நான். என் தம்பி நாதஸ்வரம். வீட்டில் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்ப ஆசை. ஒரு உயர்ந்த மைக் வாங்குவதா, சுமாரான இரண்டு வாங்குவதா? இருபதாயிரம் வரை போகலாம்.
— வாசகர், கும்பகோணம்

ப: ஐயா, உங்களுக்கு இரண்டு. மைக்குக்கும் முன்னால் இரண்டு உள்ளீடு உள்ள இண்டர்ஃபேஸ். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி ஒன்று, பழையது கிடைத்தாலும் சரி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றை உள்ளீடு வாங்கிச் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆறே மாதத்தில் விற்றுவிட்டு இரட்டை வாங்குவீர்கள்.

மிருதங்கத்துக்கு வலந்தலை (வலக்கைத் தோல்) பக்கம் ஒன்று, தொப்பி (இடக்கைத் தோல்) பக்கம் ஒன்று, தோலிலிருந்து ஏழெட்டு அங்குலத்தில். கிட்டே போனால் சாதத்தின் (வலந்தலை நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தின்) 'ணங்' மட்டும் வந்து நாதம் வராது. இரண்டு மைக்குக்கும் இடையே உள்ள தூரம், ஒரு மைக்குக்கும் தோலுக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மிருதங்கத்தின் நீளமே அதைப் பார்த்துக்கொள்கிறது. அடுத்ததாக ஒரு பைசா செலவில்லாத மேம்பாடு. வலந்தலையில் தட்டும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, உள்ளே அமுங்கிய காற்று தொப்பித் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்குக்குத் தோல் விலகுகிறது, மற்றதற்கு நெருங்குகிறது. இரண்டு பதிவையும் அப்படியே கூட்டினால் ஒன்றை ஒன்று தின்று தொப்பியின் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் மெலிந்துவிடும். மென்பொருளில் ஒரு தடத்தின் துருவத்தை மாற்றும் பொத்தான் இருக்கும், பூஜ்யத்தின் குறுக்கே கோடு போட்ட அடையாளம். அதை ஒரு தடவை அழுத்தியும் எடுத்தும் கேளுங்கள். எதில் கும்கி நிறைந்து கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாவது மைக் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

நாதஸ்வரம் அடங்காத வாத்தியம். நுனியில் விரியும் அணைசுக்கு நேரே மைக்கை வைத்தால் காரம் மட்டும்தான் வரும். கீழ் ஸ்வரங்களின் ஓசை துளைகள் வழியாகவும் வருகிறது. அதனால் நாலைந்தடி தள்ளி, அணைசுக்கும் வாசிப்பவரின் கைக்கும் நடுவே பார்த்த மாதிரி, கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். அவ்வளவு தூரம் போனால் அறையும் சேர்ந்து பதிவாகும் அல்லவா? ஆகும். அதனால் சின்ன அறையில் எடுக்காதீர்கள். உங்கள் தெரு வீடுகளில் ரேழி தாண்டி ஒரு கூடம், நடுவில் முற்றம் இருக்குமே, ஓட்டுக் கூரையோடு? அந்தக் கூடத்துக்கு நான் சென்னையிலிருந்து பொறாமைப்படுகிறேன். முற்றத்தில் மேலே போன ஒலி திரும்பி வராது. விடிகாலையில், குருவி கத்துவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தார் கோபித்துக்கொண்டால் குருவியோடு சமரசம்தான்.

கே: சிறுகதைகளை வாசித்து ஒலிநூலாக்குகிறேன். தெருவோர வீடு. ஆட்டோ, நாய், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் பதிவாகிறது. அறை முழுக்க ஃபோம் ஒட்ட பதினைந்தாயிரம் கேட்கிறார்கள். ஒட்டட்டுமா?
— வாசகி, மதுரை

ப: ஒட்டாதீர்கள் அம்மா. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறு வேலை, வெளிச்சத்தத்தை உள்ளே விடாமல் தடுப்பது வேறு வேலை. ஃபோம் முதலாவதைக் கொஞ்சம் செய்யும், இரண்டாவதைச் செய்யவே செய்யாது. வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமும் அடைப்பும் வேண்டும். கதவின் கீழ் விரல் நுழையும் சந்து இருந்தால் ஆட்டோ அந்த வழியாகவே உள்ளே வரும். ஜன்னல், கதவு விளிம்புகளில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், கதவின் அடியில் தடுப்பு மாட்டுங்கள். சில நூறு ரூபாயில் முடியும்.

வாசிக்கும் இடத்தை மாற்றுங்கள். தெருவிலிருந்து தள்ளிய உள்ளறையில் துணி அடுக்கிய மர அலமாரி இருந்தால், அதன் கதவுகளைத் திறந்துவைத்து, புடவைகள் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். இரும்பு பீரோ பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள், குறிப்பிட்ட சொற்களுக்கு அது தானும் அதிரும். ஃபேனை நிறுத்துங்கள். மதுரை வெயிலில் இது கொடுமைதான். பத்து நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் ஃபேன் போட்டு, இப்படியே போகலாம்.

எவ்வளவு அமைதி போதும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமேசானின் ஒலிநூல் தளமான ஏசிஎக்ஸ் கேட்பது: பேசாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே, சராசரி ஒலி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையே, உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது. நீங்கள் வேறு தளத்துக்குக் கொடுத்தாலும் இதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம். பேசாமல் பத்து விநாடி பதிவு செய்து மென்பொருள் அளவியில் பாருங்கள். மைனஸ் 60 கிடைத்துவிட்டால் அறைக்கு இனி ஒரு பைசா வேண்டாம். பதினைந்தாயிரத்தில் ஒரு நல்ல மைக்கும் தலையாட்டினாலும் 'கிரீச்' என்னாத ஸ்டாண்டும் வாங்குங்கள். 'ப' வரும்போது காற்று மோதாமலிருக்க பாப் ஃபில்டர் ஒன்று. நாய்க்கு மருந்து என்னிடம் இல்லை. அது குரைத்தால் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசிப்பதுதான்.

கே: லேப்டாப் பழசு. பத்துத் தடம் தாண்டினால் 'டக் டக்' என்று உடைகிறது. பாடும்போது என் குரல் ஹெட்போனில் பிந்தி வருகிறது. புது லேப்டாப்பா, புது இண்டர்ஃபேஸா?
— வாசகர், சேலம்

ப: இரண்டும் இல்லாமல் ஓட்டிப் பார்ப்போம். பஃபர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துக் கையாள வேண்டும் என்று சொல்வது அது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி விநாடி, 1024 என்றால் 21. பாடும்போது குறைத்து வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது கூட்டி வையுங்கள். ஒரே அளவில் இரண்டையும் செய்யப் பார்ப்பதால்தான் பாதி 'டக் டக்'. அதோடு உங்கள் இண்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அதை அழுத்தினால் குரல் கணினிக்குள் போய்ச் சுற்றாமல் நேரே காதுக்கு வரும்.

பாடி முடித்த தடங்களை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள் (எஃபெக்டோடு சேர்த்து ஒலிக் கோப்பாக்கி வைப்பது), கணினியின் பாரம் இறங்கும். உள்ளே இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள், நினைவகத்தைக் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள். புது லேப்டாப் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். மென்பொருள் திருட்டுப் பிரதி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி வைரஸும் பாதி உடைசலும் அதில்தான் வருகின்றன. ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 192 வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணினியே திணறும்போது அதற்கு நாலு மடங்கு தகவலைத் தின்னக் கொடுப்பானேன்?

கே: என் பாட்டு யூடியூபில் மற்றவர்கள் பாட்டைவிடச் சின்னதாகக் கேட்கிறது. கம்ப்ரஸர் பெட்டி ஒன்று வாங்கினால் சரியாகுமா?
— வாசகர், திருநெல்வேலி

ப: பெட்டி வேண்டாம், அளவி வேண்டும். யூடியூப், பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் கணக்கில் மைனஸ் 14க்கு மேலே கத்தும் பாட்டுகளைக் குறைத்துவிடும், ஆனால் கீழே இருப்பதைத் தூக்கிவிடாது. உங்களுடையது மைனஸ் 20இல் கிடக்கிறது என்று ஊகிக்கிறேன். யூலீன் என்ற அளவியின் இலவசப் பதிப்பை இறக்கிப் போட்டுப் பாருங்கள். மென்பொருளோடு வரும், ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸரும் உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டரும் மைனஸ் 14க்குக் கொண்டுபோகத் தாராளம்.

கே: கடலுக்குக் கிட்ட வீடு. கண்டென்சர் மைக் காலையில் நல்லா இருக்கும், மழை நாட்களில் 'பட பட' என்று பொரியுது. திருத்தக் கொடுக்கவா, புதுசு வாங்கவா?
— வாசகர், மட்டக்களப்பு

ப: இரண்டுக்கும் முன்னால் ஒரு ராத்திரி காயப் போடுங்கள். கண்டென்சர் மைக்கின் உள்ளே மெல்லிய தகட்டில் மின்னேற்றம் நிற்க வேண்டும். ஈரம் படிந்தால் அது கசிகிறது, கசிவுதான் பொரிகிற சத்தம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடி வையுங்கள். மறுநாள் சத்தம் இல்லையென்றால் மைக்கில் பழுதில்லை. அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத் தூசு உள்ளே போகும். இனிமேல் பாடாத நேரமெல்லாம் மைக் அந்த டப்பாவில்தான் வசிக்க வேண்டும். ஸ்டாண்டிலேயே விட்டு மேலே பட்டுத்துணி போர்த்துவது அழகுக்குத்தான். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். அடுத்து எப்போதாவது மைக் வாங்குவதானால் டைனமிக் வாங்குங்கள், உப்புக்காற்றை அது தாங்கும்.

கே: எட்டங்குல மானிட்டர் வாங்கினேன். இங்கே பேஸ் அதிரும்படி மிக்ஸ் பண்ணினால் காரில் பேஸே இல்லை. சப்-வூஃபர் சேர்த்தால் சரியாகுமா?
— வாசகர், தூத்துக்குடி

ப: சேர்த்தால் காரில் இன்னும் குறையும்! அறையில் பேஸ் அதிகமாகக் கேட்பதால் நீங்கள் குறைத்துவிடுகிறீர்கள், அந்தக் குறைவுதான் காருக்குப் போகிறது. ஸ்பீக்கர் இரண்டும் மூலைகளில் செருகியிருப்பது புகைப்படத்தில் தெரிகிறது. சுவரும் மூலையும் கீழ் ஓசையை ஊதிப் பெருக்கும். மூலையைவிட்டு இழுங்கள், இரண்டு பக்கச் சுவர்களுக்கும் சம தூரத்தில் வையுங்கள், மேல் ஓசை தரும் ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். ஸ்பீக்கரின் பின்னால் கீழ் ஓசையைக் குறைக்கும் சின்ன சுவிட்ச் இருந்தால் ஒரு படி இறக்குங்கள். அப்படியும் அடங்காவிட்டால் விற்றுவிட்டு ஐந்தங்குலத்துக்கு வாருங்கள். யமஹா என்எஸ்-10 என்று வெள்ளைக் கூம்பு வைத்த சின்ன ஸ்பீக்கர் 1978இல் வந்து 2001 வரை விற்றது. அதில் பேஸ் ஏழைதான். உலகமெல்லாம் அதில் மிக்ஸ் செய்துதான் பாட்டு வந்தது.

கே: பழைய ஷ்யூர் எஸ்எம்58 மைக் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. போலி நிறைய என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஈரோடு

ப: 1966இலிருந்து அதே வடிவத்தில் வருகிற மைக், அதனால் போலி செய்கிறவர்களுக்கும் வசதி. கேபிள் இல்லாமல் அதன் எடை 298 கிராம். மளிகைக் கடை மின்தராசில் வையுங்கள். கணிசமாகக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடை சரியாக இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது. தெரிந்தவரிடம் உள்ள அசலைக் கடன் வாங்கி, இரண்டிலும் அதே வரியை, அதே தூரத்தில், அதே கெயினில் பாடிப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். போலியில் மேல் ஓசை சீறும், கையில் பிடிக்கும் சத்தமும் அதிகம் கேட்கும். விற்பவர் பதிவு செய்து பார்க்க விடமாட்டேன் என்றால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். பில்லும் உத்தரவாதமும் உள்ள அங்கீகரிக்கப்பட்ட கடையில் புதிதாக வாங்க இன்னும் இரண்டு மாதம் சேர்த்தால் போதும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சேருங்கள்.